முதல் வார்த்தை எனக்கு, இரண்டாம் வார்த்தை அவருக்கு

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது லெந்து நாட்கள் முழுவதும் எல்லாரும் டைரி எழுதித் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமாம். குருவானவர் இன்று ஆராதனையில் சொன்னார். சபையில் எத்தனை பேர் எழுதுவார்களோ தெரியாது, நான் எழுதப் போகிறேன். தடுப்பூசி போட்ட பிள்ளைகளின் பெயரைத் தவிர வேறு எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது. கிராம நர்ஸ் வேலையில் கை எழுதும், மனசு எழுதாது.

முதல் சோதனை: எனக்குக் கோபம் இருக்கிறதா? இல்லை.

மாலையில் இவர், என் வீட்டுக்காரர், பக்கத்து ஊர்க் கூட்டத்தில் சாட்சி சொன்னார். மரக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஆறு வருஷமாக இவருக்கு இதுதான் வேலை. குடித்துச் சீரழிந்து கிடந்த துரைப்பாண்டி எப்படி மனந்திரும்பினான் என்ற கதையைக் கேட்க இந்த வட்டாரத்துச் சபைகள் எல்லாம் கூப்பிடுகின்றன. நானும் போய் முதல் வரிசையில் உட்கார வேண்டும். "என் அருமை மனைவி எமிமாள்" என்று இவர் கையை நீட்டும்போது எழுந்து கும்பிட வேண்டும். இன்றும் கும்பிட்டேன்.

இன்றைக்குக் கிறிஸ்மஸ் பிரியாணிச் சட்டியைச் சாக்கடையில் கவிழ்த்த கதை. போன வருஷம் வரை அது குழம்புச் சட்டி. ஏதோ ஒரு ஊரில் சனம் உச்சுக் கொட்டியதைப் பார்த்துப் பிரியாணி ஆக்கிவிட்டார். அந்தக் கிறிஸ்மஸில் எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை என்பது வேறு விஷயம். வழக்கமாக அழும் இடத்தில் அழுதார். கூட்டமும் அழுதது. எனக்கு மட்டும் வீட்டில் கோழிக் கூட்டைச் சாத்தினேனா என்ற நினைப்பு.

பிப்ரவரி 16

மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. கோபம் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பை மாட்டும்போது குருவானவரின் மனைவி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சபையில் அவரை ஐயரம்மா என்போம்; ஐயரம்மா கையைப் பிடித்தால் ஏதோ பொறுப்பு வருகிறது என்று அர்த்தம்.

"எமிமா, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு ஆள் போட்டாச்சு. ரெண்டாம் வார்த்தை உங்க வீட்டுக்காரருக்கு. முதல் வார்த்தை உனக்கு."

உச்சிப் பொழுதிலிருந்து மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் சபையில் ஆளுக்கு ஒன்றாக ஏழு பேர் பேசுவது எங்கள் வழக்கம். முதல் வார்த்தை, தாங்கள் செய்வது என்னவென்று தெரியாமல் செய்கிறவர்களை மன்னிக்கும்படி பிதாவிடம் கேட்பது. இரண்டாவது, பக்கத்துச் சிலுவையில் மனந்திரும்பிய கள்ளனுக்குக் கொடுத்த வாக்கு.

"எனக்குப் பேச வராதும்மா."

"பேச என்ன இருக்கு? புருஷன் மனந்திரும்புனவரு, பொஞ்சாதி மன்னிச்சவ. ரெண்டு பேரும் அடுத்தடுத்து நின்னா சபைக்கு எவ்வளவு ஆசீர்வாதம். நான் மன்னிச்சிட்டேன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, போதும். சனம் அதுக்குத்தான் காத்துக் கிடக்கு."

வீட்டில் சொன்னபோது இவருக்குத் தலைகால் புரியவில்லை. "இது மனுஷன் போட்ட திட்டம் இல்லளா, கர்த்தர் போட்டது" என்றார். ஐயரம்மா போட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது.

பிப்ரவரி 22

ராமலட்சுமிக்கு எட்டாம் மாதம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குழலை வயிற்றில் வைத்துக் கேட்டால் பிள்ளையின் துடிப்பு குதிரை மாதிரி ஓடுகிறது.

"ஏக்கா, இந்தப் பக்கம் இவ்வளவு இடம் கெடக்கு. கட்டிலுக்கும் செவத்துக்கும் நடுவுல போய் எதுக்கு நெருக்கிட்டு நிக்கீய?" என்று கேட்டாள்.

பழக்கம் என்று சொல்லிவிட்டு, இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன்.

பிப்ரவரி 27

"மூணு மட்டம் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கியா பாரு. முதல் வார்த்தை கிடைச்சதும் உனக்குப் பெருமை வந்துட்டு" என்று இவர் சிரித்தார். மிக்ஸி ஓடியது என்றேன். மிக்ஸி ஓடவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

போலியோ சொட்டு மருந்து முகாம். காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தேன். அழுகிற பிள்ளைகள், கடிக்கிற பிள்ளைகள். ஒரு பயல் என் விரலைக் கடித்துவிட்டு அவனே அழுதான்.

சாயங்காலம் மகள் பியூலா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். வேலை, ஹாஸ்டல் சாப்பாடு, தலைமுடி கொட்டுவது எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டேன்.

"பெரிய வெள்ளிக்கு வாரியா மக்கா?"

"அப்பா பேசுதாவளா?"

"ஆமா."

"அப்ப வரல."

"நானும் பேசுதேன். முதல் வார்த்தை."

"என்ன பேசப் போற? மன்னிச்சிட்டேன்னா?"

போனைத் துடைத்து மறுபடியும் காதில் வைத்தேன்.

"எம்மா, அப்பா உன்ட்ட மன்னிப்புக் கேட்டாவளா? ஊர் ஊரா சொல்லுதாவளே, உன்ட்ட ஒரு தடவ கேட்டாவளா?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அம்மா எப்போது பால் காய்ச்சுவாள் என்று தெரியாதா?

மார்ச் 9

பேசுவதற்கு எழுதிப் பார்த்தேன். "அன்பான சபையாரே, நானும் என் வாழ்க்கையில் மன்னிப்பின் மேன்மையை" என்று ஆரம்பித்தேன். மேன்மையைக்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெருவில் தண்ணீர் வந்தது, பிடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கிழித்துப் போட்டேன்.

தெரியாமல் செய்கிறவர்களுக்குத்தான் அந்த ஜெபம். செய்தவனுக்குக் கடைசி வரை தெரியாமலே போனால்? செய்யப்பட்டவள் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? குருவானவரிடம் கேட்கலாம். கேட்டால் ஒரு பிரசங்கம் செய்வார்.

மார்ச் 14

நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இவர் இரண்டாம் வார்த்தை பேசிப் பழகுகிறார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க வேண்டும் என்று எல்லாம் அளவாக இருக்கிறது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க எதுக்கெல்லாம் மனந்திரும்புனீய?"

"என்ன கேள்விளா இது? குடி. சீட்டு. பொய். உன் சங்கிலிய அடகு வச்சது. கைநீட்டுனது."

"கைநீட்டுனது எப்படி?"

"ஒண்ணு ரெண்டு அடி அடிச்சிருப்பேன். போதையில மனுஷனுக்கு என்ன தெரியும்? அதெல்லாம் ஆண்டவர்ட்ட அன்னைக்கே அறிக்கை பண்ணியாச்சு. அவரு மன்னிச்சு சமுத்திரத்துல போட்டுட்டாரு."

"என்ட்ட?"

இவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "உன்னை எத்தனை மேடையில புகழ்ந்து பேசியிருக்கேன்" என்றார்.

மடித்த துணியையே மறுபடியும் உதறி மடித்தேன். கோபம் இருக்கிறதா என்ற சோதனையை இன்று செய்யவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

பியூலாவைப் பெரிய வெள்ளிக்கு வரச் சொல்லி இவரே போன் செய்தார். மாதக்கணக்காக அப்பாவும் மகளும் பேசியதில்லை. முற்றத்தில் நின்று சத்தமாக ஆரம்பித்தார், "உங்கம்மா சாட்சி சொல்லப் போறா, நீ வந்து கேக்கணும்" என்று. அப்புறம் கேட்டுக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். பியூலா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வேலை இருக்காம்" என்றார். மேடையை விட்டு இறங்கியும் இவருக்குப் பொய் சொல்ல வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மார்ச் 19

இவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். போன் வந்து எடுத்தால் பார்க்கிறார். பைக்கில் பின்னால் உட்காரப் போனால் கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கிறார். சாப்பிடும்போது பலகையைத் தூக்கி எனக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தேன். அதையும் பார்த்தார். புருஷன் இத்தனை வருஷம் கழித்து ஏறிட்டுப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. நான் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

மார்ச் 20

சமையல்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். திரும்பினால் பின்னால் நிற்கிறார். துருவல் கொட்டிவிட்டது.

"கூப்பிட்டேன்" என்றார்.

"காதுல விழல."

"ரெண்டு மட்டம் கூப்பிட்டேன். இந்தப் பக்கம் நின்னு." என் இடது தோளைக் காட்டினார்.

கறிவேப்பிலை இல்லை, வாங்கி வாருங்கள் என்றேன். மறுபேச்சு இல்லாமல் போனார். கொத்தமல்லி வாங்கி வந்தார்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பவனிக்கு இவர் வரவில்லை. சாயங்காலம் வேறு ஊரில் சாட்சிக் கூட்டம் இருந்தது, அதற்கும் போகவில்லை. அந்தச் சபையார் போன் மேல் போன். உடம்பு சரியில்லை என்று என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. தேரிப் பக்கம் செம்மணலில் தன்பாட்டுக்கு நடந்துவிட்டு வந்தார், கால் எல்லாம் சிவப்பு. பழைய பழக்கத்துக்குப் போய்விடுவாரோ என்று பயந்து பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். இல்லை. அவருக்கு அது தெரிந்தது. காலைக் கழுவப் போனார்.

மார்ச் 28, பெரிய வியாழன்

மத்தியானம் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் வந்து எனக்கு நேர் எதிரே நின்றார்.

"ஏளா, அம்மாவுக்கு எந்தக் காது கேக்காதுன்னு பியூலா அன்னைக்குப் போன்ல கேட்டா. உனக்கு இடது காது எப்ப போச்சு?"

தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டேன். "பியூலா மூணாங்கிளாஸ் படிக்கையில."

"காதுல தண்ணி போயிட்டுன்னு சொன்ன."

"ஆமா, அப்படித்தான் சொன்னேன்."

"நானா?"

"நீங்கதான்."

இவர் கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். எப்படி என்று கேட்டார். அடித்த அடியில் நான் கதவு நிலையில் போய் மோதினதையும், காதிலிருந்து ரத்தம் வந்ததையும் சொன்னேன். மழையில் பியூலா தெருவுக்கு ஓடி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினதைச் சொன்னேன். எங்கள் வீட்டுச் சத்தம் தெருவுக்குப் பழகிவிட்டதால் ஒரு கதவும் திறக்கவில்லை. பிள்ளை நனைந்து திரும்பி வந்தபோது இவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்து, காதில் என்ன பஞ்சு என்று கேட்டார்.

"எனக்கு ஞாபகமே இல்லையேளா."

"தெரியும். ஞாபகம் வச்சிருக்கது எங்க வேலை."

இவருடைய இரண்டு கையும் மேலே போனது. முகம் வானத்தைப் பார்த்தது. "ஆண்டவரே, இந்தப் பாவிய" என்று மேடைக் குரலில் ஆரம்பித்தார்.

"ஆண்டவர விடுங்க" என்றேன். "அவருக்குக் காது நல்லா கேக்கும்."

கை இறங்கிவிட்டது. மேடையில் ஆறு வருஷமாக அழுத மனுஷனுக்கு இப்போது அழுகை வரவில்லை. பிறகு வெறும் குரலில் கேட்டார்.

"வேற என்ன செஞ்சேன்? எனக்குத் தெரியாதது வேற என்ன இருக்கு? சொல்லு."

சொன்னேன். ஒன்று சொல்லி நிறுத்தினால் "அப்புறம்" என்றார். துணி காய்ந்து, எடுத்து மடித்து முடிகிற வரை சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. குருவானவர் என்னைத்தான் சோதித்துப் பார்க்கச் சொன்னார், இவரை அல்ல.

"மன்னிச்சிருன்னு கேக்க வாய் வரல. பயமாயிருக்கு" என்றார்.

"இப்ப கேக்காதீய" என்றேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மாலையில் திருவிருந்து; மனசில் குற்றமோ பகையோ இருந்தால் வாங்கக் கூடாது என்பார்கள். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகிறார்கள். எங்கள் வரிசை வந்தது. இவர் எழுந்திருக்கவில்லை. காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஊர் உலகத்துக்கெல்லாம் சாட்சி சொல்கிறவர் அப்பமும் திராட்சரசமும் வாங்காமல் உட்கார்ந்திருப்பதைக் கோயிலே திரும்பிப் பார்த்தது. ஐயரம்மா பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார். நான் போய் வாங்கினேன். வாங்கியிருக்கலாமா என்று இப்போது உறுத்துகிறது. எனக்குள் இருப்பது கோபம்தான். நாற்பது நாளாக டைரியில் பொய் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

முதல் வார்த்தைக்கு என் பெயரை வாசித்தார்கள். கையில் தாள் இல்லை. மைக்கின் முன்னால் போய் நின்றேன். கோயிலில் இடமில்லாமல் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

"இந்த வார்த்தைய ஆண்டவர் சொல்லும்போது ஆணி கையிலதான் இருந்துது" என்றேன். "ஆறினதுக்குப் பொறவு சொல்லல. வலிக்கும்போதே சொன்னாரு. எனக்கு அது வரல. எனக்கும் ஒரு காயம் உண்டு, ரொம்ப வருஷமாச்சு. மன்னிச்சிட்டேன்னு இங்க நின்னு சொல்லச் சொன்னாவ. சொன்னா அது பொய். எனக்கு வரணும்னு ஆசை இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க."

இவ்வளவுதான். வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் வார்த்தையைக் குருவானவரே பேசினார். சகோதரர் துரைப்பாண்டி தன்னை விட்டுவிடும்படி காலையிலேயே கேட்டுக்கொண்டதாகச் சொன்னார். இவர் எங்கே என்று தேடினேன். பிந்தி வருகிறவர்கள் நிற்கும் வாசல் பக்கம், தூணுக்குப் பின்னால் நின்றார். இதுவும் ஒரு மேடையோ என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தேகம் வந்தது. வரத்தானே செய்யும்.

வெளியே வந்ததும் ஐயரம்மா, "சபையக் குழப்பிட்டியே எமிமா" என்றார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத ஒருத்தி, கீழத்தெருக்காரி, கூட்டத்தில் இடித்துக்கொண்டே வந்து என் காதுக்குள், நல்லவேளை வலது காதுக்குள், "எனக்கும் வரலக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 30, சனி

இனி சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்று ஒவ்வொரு சபையாகப் போன் செய்து சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டவர்களிடம், "நான் சொன்னதுல பாதி நடக்கல, நடந்தத நான் சொல்லல" என்றார். எதிர்முனையில் சிரித்திருப்பார்கள் போல. இவர் சிரிக்கவில்லை.

மத்தியானம் என்னிடம் வந்து, "பியூலாவப் பாத்துட்டு வாரேன். போகவா?" என்றார்.

"அவ உங்கள வரச் சொல்லலையே."

"சொல்லல. வெளிய நிப்பேன். பாத்தா பாக்கட்டும்."

சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஈஸ்டர் ஆராதனைக்குத் தனியாகப் போகப் போகிறேன்.

மார்ச் 31, ஈஸ்டர்

விடிகாலை ஆராதனை. எல்லாரும் கை கொடுத்தார்கள். இவர் எங்கே என்று கேட்டவர்களிடம் மகளைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன். வீட்டுக்கு வந்து கோழியை வெட்டக் கொடுக்க மனசில்லை. உள்ளும் வெளியுமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பியூலா போன். "எம்மா, அப்பா கீழ நிக்காவ. வாச்மேன்ட்ட சொல்லி அனுப்பியிருக்காவ, வரச் சொன்னா வாரேன், இல்லன்னா போயிருதேன்னு. நான் என்ன செய்ய?"

"உன் இஷ்டம் மக்கா. போகணும்னும் இல்ல, போகக் கூடாதுன்னும் இல்ல."

"நீ மன்னிச்சிட்டியா?"

"இல்ல. அப்பா எல்லாத்தையும் கேட்டாவ. நான் சொன்னேன். அவ்வளவுதான் ஆயிருக்கு."

மறுபடி மத்தியானம் கூப்பிட்டாள். அவள் இறங்கிப் போகவில்லை. இவர் எதிர்ப்பக்கம் நடைபாதையில் வெயிலில் நின்றாராம். மேலே பார்க்கவில்லையாம், ஜன்னலைத் தேடவில்லையாம். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். "போயிட்டாவம்மா" என்று சொல்லிவிட்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 1

காலையில் வந்து சேர்ந்தார். முகம் கருத்திருந்தது. இட்லி வைத்தேன்.

"பாத்தீயளா?"

"இல்ல. வரல."

ஒரு குறையும் சொல்லவில்லை. நானே, "அவ்வளவு தூரம் போயும்" என்று இழுத்தேன்.

"வரணும்னு இல்லல்லா" என்றார். "நான் போனது அவ வாரதுக்கு இல்ல."

இட்லியைப் பிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து இவர் பேசியதில் இந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அப்படியே நம்பினேன். நம்பினதில் எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது.

ஏப்ரல் 3

ராமலட்சுமிக்கு ஆண் பிள்ளை. மூன்று கிலோ.

ஏப்ரல் 5

நாளைச் சாயங்காலம் மறுபடியும் கோயம்புத்தூர் போக இவர் பையில் ஒரு சட்டையும் துண்டும் எடுத்து வைத்திருக்கிறார். போகவா என்று கேட்டார். போங்கள் என்றேன்.

லெந்து முடிந்துவிட்டது, டைரி எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு இன்னும் வரவில்லை. துணி துவைக்கும்போது கொஞ்சம் வந்த மாதிரி இருக்கும், உலர்த்தும்போது போய்விடும்.

ஏப்ரல் 6, சனி

வேலைக்குக் கிளம்பும்போது பியூலா போன்.

"எம்மா, அப்பா இந்த வாரமும் வாராவளா?"

"வாராவ."

"நான் கீழ போவேன்னு சொல்லல. சரியா? அப்படிச் சொல்லிராத." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "அங்க நிழலே கெடையாது. குடை கொண்டு வரச் சொல்லு."

சாயங்காலம் இவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது குடையை எடுத்துப் பைக்குள் செருகினேன்.

"மழை இல்லையேளா, இது எதுக்கு?"

"வெயிலுக்கு. பியூலா கொண்டு வரச் சொன்னா."

பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கால் செருப்போடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.